‘ஒரு வீட்டுக்கு ஒரு முடிவு’ என்ற வாதத்துக்கு வயது 200

சேலத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். தேர்தல் நெருங்கினால் ஏற்காடு மலைக் கிராமங்களிலும் ஓமலூர், வாழப்பாடிப் பக்கத்திலும் பெண்களுக்கான சட்ட விழிப்புணர்வு முகாம்களில் பேசக் கூப்பிடுவார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பதில் தவறாமல் வரும். “எங்க வீட்டுக்காரர் எதுல போடச் சொல்றாரோ அதுலதாங்க மேடம். ஒரு வீட்டுல ரெண்டு முடிவு எதுக்குங்க?” இதை யாரும் தயங்கித் தயங்கிச் சொல்வதில்லை. குடும்பம் ஒற்றுமையாக இருக்கிறது என்ற பெருமையோடுதான் சொல்கிறார்கள்.

பெண்களுக்கு ஓட்டே வேண்டாம் என்று சொன்னவர்களும் இதே வாதத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் நலன் தகப்பன் நலனுக்குள் அல்லது கணவன் நலனுக்குள் அடங்கிவிடுகிறது, தனி ஓட்டு தேவையில்லை என்று 1820-இல் இங்கிலாந்தில் தத்துவ அறிஞர் ஜேம்ஸ் மில் எழுதினார். அவருடைய மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லோ 1867-இல் அதே நாட்டுப் பாராளுமன்றத்தில் எழுந்து, வாக்குரிமை மசோதாவில் ‘ஆண்’ என்று இருக்கும் இடத்தில் ‘நபர்’ என்று மாற்றுங்கள் என்று கேட்டார். தீர்மானம் தோற்றது. ஆனால் அப்பாவும் மகனும் வேறு வேறு பக்கம் நின்றதால் குடும்பம் உடைந்தது என்று யாரும் பேசவில்லை. கணவனும் மனைவியும் என்று வரும்போதுதான் ஒற்றுமைக் கவலை வருகிறது.

அமெரிக்காவில் பெண் வாக்குரிமையை எதிர்த்த சங்கம் ஒன்று துண்டுப் பிரசுரமே போட்டது. கல்யாணமான பெண் ஓட்டுப் போட்டால் ஒன்று கணவனின் ஓட்டை இரண்டாக்குவாள், இல்லையென்றால் அதை அடித்துவிடுவாள், அதனால் வீண் என்று. ஏற்காட்டு முகாம் ஒன்றில் வாசல் பக்கம் நின்றிருந்த ஒருவர் கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல் இதைக் கேட்டார். “நான் ஒண்ணுல போட்டு அவ ஒண்ணுல போட்டா ரெண்டும் கழிஞ்சு போயிடுமில்லங்க?” நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: “உங்க அண்ணன் தம்பியெல்லாம் ஒரே கட்சிக்கா போடறீங்க?” “அதெப்படிங்க, அவன் வேற கட்சியாச்சே” என்றார். “அப்ப உங்க ரெண்டு பேர் ஓட்டும் கழிஞ்சு போகுதே, யார் ஓட்டை நிறுத்தலாம்?” என்றேன். அவர் யோசித்தார். அவருடைய மனைவி அவருக்கு முன்பே பதிலைச் சொல்லிவிட்டார்.

வாக்குரிமைப் போராட்டப் பேச்சுகளைப் படித்துப் படித்து நான் கற்றுக்கொண்டது இந்த முறையைத்தான். எதிரில் இருப்பவர் எதைச் சத்தியமாக நம்புகிறாரோ அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துக் கேள்வி கேட்பது. சூசன் பி. அந்தோணி 1872-இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் ஓட்டுப் போட்டார் என்று கைது செய்யப்பட்டார். விசாரணைக்கு முன்னால் ஊர் ஊராகப் போய் அவர் பேசியது தன் நாட்டு அரசியல் சாசனத்தின் முதல் வரியைப் பற்றி. ‘மக்களாகிய நாம்’ என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், பெண்கள் மக்களா இல்லையா? இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஓட்டை மறுக்க இடமில்லை. நீதிபதி 100 டாலர் அபராதம் போட்டார். அவர் கடைசிவரை கட்டவில்லை.

இங்கிலாந்தில் பெண் வாக்குரிமைக்குப் போராடிய எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் வேறு மாதிரி. 1913-இல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பேசும்போது, பசித்த இரண்டு குழந்தைகளைக் காட்டினார். ஒன்று பொறுமையாகக் காத்திருக்கிறது, இன்னொன்று கத்தி, உதைத்து, வீட்டையே இரண்டாக்குகிறது. எதற்கு முதலில் பால் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அரசியல் முழுவதுமே இதுதான் என்றார். நம்மிடம் சொல்லியிருந்தால், அழுத பிள்ளைதானே பால் குடிக்கும் என்று கூட்டத்திலிருந்தே யாராவது முடித்திருப்பார்கள்.

நம் நாட்டில் முதலில் எடுத்தது பணிவான வழி. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்தியத் துறை அமைச்சர் மாண்டேகுவைப் பார்த்து ஓட்டு கேட்டது. அடுத்த வருடம் பம்பாய் காங்கிரசில் சரோஜினி பேசும்போது, ஆண்களின் வேலையில் தலையிட அல்ல, பிள்ளைகளை நல்ல குடிமக்களாக வளர்க்கத்தான் கேட்கிறோம் என்று தாய்மையை முன்னால் வைத்தார். அன்றைய கூட்டத்துக்கு அது எடுபட்டது. ஆனாலும் எனக்கு அந்த வாதத்தில் ஒரு பயம் உண்டு. நல்ல தாய் என்பதற்காக உரிமை கொடுத்தால், நல்ல தாய் இல்லை என்று சொல்லிப் பிடுங்கவும் முடியும். கந்தாயம் (நிலவரி) கட்டுகிறேன், ஓட்டைக் கொடு என்று கேட்பதில் அந்த ஆபத்து இல்லை. 1921-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகப் பெண்களுக்கு ஓட்டைத் திறந்துவிட்டது. ஆண்களுக்கு இருந்த அதே சொத்து, வரித் தகுதிதான். ஆனால் சொத்து யார் பெயரில் இருந்தது? அதனால் வெகு சில பெண்கள்தான் பட்டியலுக்குள் வந்தார்கள்.

இதைச் சரிசெய்ய என்ன வழி என்ற சண்டையில் நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து மருமகள் ராதாபாய் சுப்பராயன், லண்டன் வட்டமேசை மாநாட்டிலும், 1932-இல் லோதியன் வாக்குரிமைக் குழுவிலும் இருந்தவர். இப்போதைக்குக் கிடைப்பதை வாங்கிக்கொள்வோம், சொத்துள்ளவரின் மனைவிக்கும் ஓட்டு, பெண்களுக்கு ஒதுக்கீட்டு இடங்கள் என்பது அவர் பக்கம். சலுகை வேண்டாம், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கொடு என்றன பெண்கள் சங்கங்கள். 1935 இந்திய அரசுச் சட்டத்தில் ராதாபாய் சொன்ன பாதைதான் வந்தது. சுமார் 60 லட்சம் பெண்கள் வாக்காளர் ஆனார்கள். அத்தனை பேரைப் பட்டியலுக்குள் கொண்டுவந்த வழியைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வாதத்தில் சங்கங்கள் பக்கம்தான் நிற்பேன். கணவன் சொத்தில் தொங்கும் ஓட்டு, அவன் சொல்லிலும் தொங்கும்.

சுதந்திரம் வந்து எல்லோருக்கும் ஓட்டு என்று ஆன பிறகும் முதல் தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இல்லாமல் போனார்கள். வடமாநிலங்களில் பலர் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்று மட்டும் சொன்னார்கள். சொந்தப் பெயர் சொல்லாதவரைச் சேர்க்க முடியாது என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார்.

சரி, முகாமுக்கு வருகிறேன். சட்டப் பிரிவை வாசித்தால் பின்வரிசை எழுந்து போய்விடும். அதனால் நான் முதலில் கேட்பது குழுக் கடனைப் பற்றி. “மகளிர் குழுக் கடன் பத்திரத்துல கையெழுத்து யாருது?” “எங்களுதுதாங்க.” “தவணை தப்பினா யாரைத் தேடி வருவாங்க?” “எங்களைத்தான்.” “அப்ப கடனுக்கு உங்க புத்தி போதும், ஓட்டுக்கு மட்டும் போதாதா?” காப்பித் தோட்டத்து வேலை முடித்து வந்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “நல்லாக் கேட்டீங்க வக்கீலம்மா, ஆனா எதுல போட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சிருமே” என்றார். உண்மையான தடை அங்கே இருந்தது. ஒற்றுமை என்று பேசியதற்குப் பின்னால் பயம்.

தெரியாது, பாட்டி. இயந்திரத்துப் பக்கத்துப் பெட்டியில் சீட்டு 7 விநாடி உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும், அப்புறம் உள்ளே விழுந்துவிடும். யாருக்குப் போட்டாய் என்று சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது; மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 94. பார்வை இல்லாதவர், சின்னத்தைப் பார்த்து அழுத்த முடியாத உடல் நிலையில் இருப்பவர் தவிர வேறு யாருடனும் துணைக்கு ஆள் மறைப்புக்குள் வரக் கூடாது. கற்பூரத்தை அணைத்தோ சாமி படத்தில் கை வைத்தோ சத்தியம் வாங்கி, மீறினால் சாமி குத்தம் என்று மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 171-இன்படி குற்றம். ஓராண்டுவரை சிறை கிடைக்கலாம். மிரட்டுபவர் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, வீட்டு ஆளாக இருந்தாலும் சரி.

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் கட்டாயம் ஒன்று பார்க்க வேண்டும். பெயர் பிறந்த வீட்டு பூத்திலேயே இருக்கும், அல்லது அங்கே நீக்கிவிட்டு இங்கே சேர்க்காமல் விட்டிருப்பார்கள். இடம் மாறியவர் படிவம் 8, எங்குமே பெயர் இல்லாதவர் படிவம் 6. உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நீங்களே போய்க் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.