ஒட்டகச்சிவிங்கி: தாய் கொடுக்கும் திட்டுகள்

தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகிறவர்கள் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். அது எந்த இனம் என்று அறிய வேண்டுமானால் தோலில் உள்ள நிறத் திட்டுகளையும் காலையும் பார்க்க வேண்டும்.

முன்பு ஒட்டகச்சிவிங்கிகள் அனைத்தும் ஒரே இனமாகக் கருதப்பட்டன. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு, 2025இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அவற்றை நான்கு இனங்களாக ஏற்றுக்கொண்டது. வடக்கு இனத்துக்கு முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் திட்டு இராது. வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும். வலைத்தோல் இனத்தின் செம்பழுப்புத் திட்டுகளை மெல்லிய வெள்ளைக் கோடுகள் நேர்த்தியாகப் பிரிக்கும். மசாய் இனத்தின் திட்டுகள் ஓரம் கிழிந்த இலைகள் மாதிரி. தெற்கு இனத்தைப் போலவே குளம்புவரை இறங்கும். ஆனால் பல நாட்டு மிருகக்காட்சிசாலைகளில் இனம் பாராமல் கலந்து வளர்த்ததால் கலப்புக் கன்றுகளும் உண்டு. அவற்றிடம் இந்த அடையாளங்களை நம்ப முடியாது.

திட்டு அழகுக்கு மட்டுமல்ல. ஒவ்வொன்றின் ஓரத்தையும் ஒரு இரத்தக்குழாய் சுற்றி ஓடி, உள்ளே கிளை விடுகிறது. வியர்வைச் சுரப்பிகளும் அங்கேதான் பெரியவை. உடற்சூடு வெளியேறும் வாசல் அது. வயதாகும்போது ஆணின் நிறம் கறுக்கலாம், வடிவம் மட்டும் மாறாது. அதனால்தான் விலாப் படத்தைக் கணினியில் ஒப்பிட்டு, விலங்குகளைத் தனித்தனியே அடையாளம் காண முடிகிறது.

இந்த விலங்குக்கு இனப்பெருக்கப் பருவம் என்று தனியாக இல்லை. பெண்ணின் சுழற்சி ஏறக்குறைய 15 நாள். கருத்தரிக்கக்கூடிய நேரமோ மிகக் குறைவு. ஆண் அதைக் கண்டுபிடிப்பது சிறுநீரில். பெண்ணின் பின்புறத்தை மூக்கால் தட்டும். இணங்கினால் அவள் சிறுநீர் விடுவாள். அதை வாயில் ஏந்தி, மேலுதட்டைச் சுருட்டி, அண்ணத்தின் மேலுள்ள, மணக்குறிப்புகளை உணரும் ஜேக்கப்சன் உறுப்புக்கு அனுப்பும். இவ்வளவு உயரத்திலிருந்து தரைவரை குனிய வேண்டியதில்லை என்பது இந்த ஏற்பாட்டின் சிறப்பு. காலம் சரியென்றால் ஆண் அவளை விடாமல் பின்தொடரும், மற்ற ஆண்களை விரட்டும்.

கர்ப்பகாலம் சுமார் 15 மாதம். பெரும்பாலும் ஒரே கன்று, இரட்டை அபூர்வம். தாய் நின்றபடியே ஈனும். முதலில் முன்னங்கால்கள், பின்பு தலையும் கழுத்தும். நெற்றிக் கொம்புகள் அப்போது மென்மையான குருத்தெலும்பு, மண்டையோட்டோடு ஒட்டாமல் படிந்திருப்பதால் தாயைக் கிழிப்பதில்லை. கிட்டத்தட்ட 2 மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது தொப்புள்கொடி அறுந்துவிடும். சுமார் 1.8 மீற்றர் உயரமுள்ள கன்று பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து பால் தேடும். எழத் தாமதித்தால் ஆபத்து: சிங்கமும் கழுதைப்புலியும் உள்ள பல இடங்களில் ஏறக்குறைய பாதிக் கன்றுகள் முதலாண்டைத் தாண்டுவதில்லை.

இங்கேதான் திட்டு மறுபடி முக்கியமாகிறது. தன்சானியாவின் மசாய் ஒட்டகச்சிவிங்கிகளைப் பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வு, திட்டின் வட்டத்தன்மையும் ஓரத்தின் சீரும் தாயிடமிருந்து கன்றுக்கு வருவதைக் காட்டியது. பெரிய, ஒழுங்கற்ற திட்டுள்ள கன்றுகளே முதல் மாதங்களில் அதிகம் பிழைத்தன. மர நிழலில் அவை மறைந்துகொள்வதும், உடற்சூட்டைச் சமாளிப்பதும் இதற்கான காரணங்களாக ஆய்வாளர்கள் முன்வைப்பவை.