விண்ணோடம்: தறியிலிருந்து கிளம்பிய சொல்

விண் + ஓடம் = விண்ணோடம். ‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்று பள்ளியில் ஒப்பித்த விதிதான். ‘ஸ்பேஸ் ஷட்டில்’ என்பதற்குத் தமிழில் வழங்கும் பெயர் இது. ராக்கெட்டைப் போலச் செங்குத்தாகக் கிளம்பி, பூமியைச் சுற்றி, விமானத்தைப் போல ஓடுபாதையில் இறங்கி, பழுதுபார்த்தபின் மறுபடியும் கிளம்புகிற, ஆள் ஏறும் கலம்.

சரி, நூறு டன்னை ஒட்டிய எடையுள்ள ஒரு கலத்துக்கு ஆற்றைக் கடக்கிற ஓடத்தின் பெயரா என்று தோன்றும். அதற்கு முதலில் ‘ஷட்டில்’ எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எறியும் அம்பு, ஈட்டி என்று பொருள். எய்வதைக் குறிக்கும் ‘ஷூட்’ அதன் உறவுக்காரச் சொல். அப்புறம் அது தறிக்கு வந்தது. பாவு நூல்களுக்கு நடுவே ஊடை நூலை இழுத்துக்கொண்டு இடமும் வலமுமாகப் பாய்கிற கருவிக்கு அந்தப் பெயர் நிலைத்தது. நம் நெசவாளர்கள் அதை நாடா என்பார்கள். போவதும் வருவதுமே அதன் வேலை என்பதால், மட்டைக்கு மட்டை பறக்கும் இறகுப்பந்தும், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டு ஊர்களுக்கு இடையே போய்வந்த ரயிலும் அதே பெயரை வாங்கிக்கொண்டன. நாம் ‘ஷட்டில் ஆடப் போறேன்’ என்று சொல்லும்போதுகூட வாயில் இருப்பது தறிச்சொல்தான்.

விண்வெளிக்கு இந்தப் பெயரைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் நாசாவின் ஜார்ஜ் மியூலர். 1968 ஆகஸ்டில் லண்டனில் பேசியபோது, பூமிக்கும் சுற்றுப்பாதைக்கும் இடையே போய்வரும் சிக்கனமான கலம் வேண்டும் என்றார். 1972 ஜனவரி 5 அன்று அதிபர் நிக்சன் திட்டத்தை அறிவித்தார். காகிதத்தில் அதன் பெயர் ‘விண்வெளிப் போக்குவரத்து அமைப்பு’. எஸ்டிஎஸ்-1, எஸ்டிஎஸ்-2 என்ற எண்கள் அதன் சுருக்கம்தான். ஆனால் மக்கள் வாயில் நின்றது ஷட்டில்.

இனி ஓடம். பழைய அகராதிகளைப் புரட்டினால் ஓடத்துக்குத் தோணி, மிதவை என்பதோடு நெசவு நாடா என்ற பொருளும் இருக்கும். இரு முனையும் கூர்ந்து, நடுவில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) வைக்கக் குழிந்திருக்கும் நாடாவைப் பார்த்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அச்சு அசலாக ஒரு குட்டிப் படகு. பிரெஞ்சுக்காரர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. அவர்கள் நாடாவுக்கு வைத்த ‘நவெத்’ என்ற பெயர், கப்பலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. விண்ணோடத்தையும் அவர்கள் ‘விண்வெளி நவெத்’ என்றே அழைக்கிறார்கள். ஆக, நம் ஓடம் படகு, நாடா என்று இரண்டு பொருளிலும் ஷட்டிலுக்குப் பொருந்துகிறது. அக்கரைக்கு ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வருவதுதானே ஓடத்தின் பிழைப்பு?

ஒருமுறை போய்வந்தால் அது ஓடமாகிவிடாது. கொலம்பியா என்ற விண்ணோடம் முதலில் பறந்தது 1981 ஏப்ரல் 12, ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் ஓட்டினார்கள். என்னைக் கேட்டால், அது நிஜமாகவே ஓடமானது அதே கலம் இரண்டாம் முறை கிளம்பிய நவம்பர் 12 அன்றுதான். ஆள் ஏறிச் சுற்றுப்பாதைக்குப் போன ஒரு கலம் மறுபடியும் அங்கே போனது அதுவே முதல் தடவை.

ஆனால் மறுபயன்பாடு நினைத்த அளவுக்கு மலிவாக அமையவில்லை. வெளியே தொங்கிய பெரிய எரிபொருள் தொட்டி ஒவ்வொரு முறையும் வீண். பக்கவாட்டு ராக்கெட்டுகளைக் கடலிலிருந்து மீட்க வேண்டும். உடலில் ஒட்டியிருந்த 24,000-க்கும் மேற்பட்ட வெப்பக் காப்பு ஓடுகளைச் சோதிக்க வேண்டும். ஆண்டுக்குப் பல பத்து பயணம் என்று கணக்குப் போட்டார்கள். அதிகம் பறந்த 1985இல் நடந்தது 9. ஐந்து ஓடங்களில் சேலஞ்சர் 1986இலும், கல்பனா சாவ்லா இருந்த கொலம்பியா 2003இலும் தலா ஏழு பேரோடு அழிந்தன. 135ஆவது பயணத்தை முடித்து அட்லாண்டிஸ் தரையிறங்கியது 2011 ஜூலை 21 அன்று.

கலிஃபோர்னியாவில் இறங்க நேர்ந்தால், ஃப்ளோரிடாவுக்குத் திரும்ப விண்ணோடத்தை ஒரு போயிங் 747-இன் முதுகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

மாற்றுச்சொற்களில் ‘விண்கலம்’ பொதுப்பெயர். ஆளில்லாத வாயேஜரும் விண்கலம்தான். ‘மீள்விண்கலம்’ என்றால் திரும்பி வருவதா, திரும்பப் பயன்படுவதா என்று தெரியாது. ரஷ்யாவின் சோயுஸ் கலமும் திரும்பி வருகிறது, ஆனால் ஒரே தடவை. சோவியத்தின் புரான் 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் ஒரே ஒருமுறை பறந்து நின்றுபோனாலும், வடிவத்துக்காகவும் நோக்கத்துக்காகவும் அதை விண்ணோடம் எனலாம்.

சிக்கல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தில்தான். 2020இல் விண்வெளி வீரர்கள் டக் ஹர்லியும் பாப் பெங்கனும் சென்ற டிராகனுக்கு அவர்கள் வைத்த பெயர் எண்டெவர்; இருவரும் முதன்முதலில் விண்வெளிக்குப் போனது அதே பெயருள்ள விண்ணோடத்தில். அந்த டிராகனும் 2021இல் மறுபடி ஆளேற்றிப் பறந்தது. ஆனால் அதற்கு இறக்கை இல்லை, பாராசூட்டில் கடலில் வந்து விழும். ஆகவே ‘எண்டெவர் விண்ணோடம்’ என்றால் பழையது. புதியதை ‘மறுபயன்பாட்டு விண்கலம்’ என்று எழுதினால் குழப்பமில்லை.