‘கல்வி ரொம்ப முக்கியம்’ என்று சொன்ன பிறகு என்ன பேசுவது?

ஆங்கிலம் ஓரளவு நன்றாகவே பேச வந்தவர்களிடம் கல்வியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "எஜுகேஷன் இஸ் வெரி இம்பார்ட்டன்ட்" என்று ஆரம்பித்து, ஒழுக்கம், நாட்டு முன்னேற்றம் என்று நாலு வரி ஒப்பித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். ராமநாதபுரத்தில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களில் நர்சிங் முடித்தவர்கள் அதிகம். வார்டில் நோயாளியிடம் பேசுவதை ஆங்கிலத்தில் செய்துகாட்டச் சொன்னால் தடுமாற மாட்டார்கள். இத்தனை வருஷம் வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள், படிப்பைப் பற்றிப் பேசத்தான் திணறுகிறார்கள்.

உடனே "வொகாபுலரி பத்தலை சார்" என்பார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் சுற்றும் சொல் பட்டியலையும் மாதிரி பதில்களையும் மனப்பாடம் செய்வார்கள். பெற்றோரும் அதற்குக் காசு கட்டுகிறார்கள். அந்தக் காசு வீண் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

‘கவுன்சில் ஆஃப் யூரோப்’ என்ற ஐரோப்பிய நாடுகளின் அமைப்பு 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். மூன்றாம் படியான பி1-இல் இருப்பவர் தனக்கு நடந்ததைச் சொல்லத் தெரிந்தவர். நான்காம் படியான பி2-க்கு அது போதாது. ஒரு விஷயத்தில் தன் கருத்து என்ன, அதில் சாதகம் என்ன, பாதகம் என்ன என்று விளக்க வேண்டும். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதினால், பேச்சுத் தேர்வில் 7 எடுக்க வேண்டும். அது பி2-வையும் தாண்டி சி1-இன் வாசல். அந்தப் பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். நடுப்பகுதியில் ஒரு கார்டு தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை பேசலாம். மனப்பாடம் கொஞ்சம் தாங்குவது அங்கேதான். மூன்றாம் பகுதியில் தேர்வாளர் "ஏன்?", "எல்லோருக்கும் அப்படியா?" என்று நீங்கள் சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார். படித்து வந்த பத்தி அங்கே கைவிட்டுவிடும்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? நான் கல்வி என்ற பேச்சையே முதலில் எடுப்பதில்லை. "பள்ளிக்கூடத்துக்கு வெளியே நீங்களோ வீட்டில் ஒருவரோ கற்றுக்கொண்ட வேலை ஒன்றைச் சொல்லுங்கள்" என்பேன். பாம்பன் பக்கத்துப் பெண் ஒருவர், தன் அம்மா கடல்பாசி எடுக்கக் கற்றதைச் சொன்னார். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் பிடித்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்குவது. எந்தப் பாறையில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பது. நீரோட்டம் மாறுவதை உடம்பால் உணர்வது. சரளமாக வந்தது. "இப்படிக் கற்பது பள்ளியில் கற்பதைவிட மேலானதா?" என்று கேட்டேன். "யெஸ் சார்." அதோடு நின்றுவிட்டார்.

"அப்படியென்றால் அம்மா ஏன் உங்களைக் கடலுக்கு அனுப்பாமல் காலேஜுக்கு அனுப்பினார்? தமிழிலேயே சொல்லுங்கள்" என்றேன்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சது அந்தக் கடல்ல மட்டும்தான் செல்லும் சார். என் சர்டிபிகேட் எங்க போனாலும் செல்லும். ஆனா அம்மாவுக்கு அவங்க வேலை தெரிஞ்ச அளவுக்கு எனக்கு என் பாடம் தெரியாது."

ஒப்பீடு, காரணம், எதிர்த்தரப்பை ஒத்துக்கொள்வது, மூன்றும் அந்தப் பதிலில் இருக்கின்றன. இதை ஆங்கிலத்தில் கட்ட அவருக்குத் தேவைப்பட்டது ‘வேர்அஸ்’, ‘ஆல்தோ’, ‘அன்லெஸ்’ மாதிரி சில இணைப்புச் சொற்களும், ‘அம்மா படித்திருந்தால்’ என்று சொல்வதற்கான நிபந்தனை வாக்கியமும்தான். அதற்கு அப்புறம் அந்த இலக்கணத்தைச் சொல்லித்தந்தால் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் சொல்ல விஷயம் கையில் இருக்கிறது. வகுப்பில் தமிழே கூடாது என்று கறாராக இருக்கும் ஆசிரியர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. யோசனை தமிழில் ஓடி முடியட்டும்.

விவாதத்துக்கு வெளிநாட்டுப் புத்தகத்தில் உள்ள தலைப்பும் வேண்டாம். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி திறப்பதும் காலேஜ் பீஸ் கட்டுவதும் அதை ஒட்டித்தான் வருகிறது. "பீஸ் கட்டும் தேதியை ஆகஸ்டுக்குத் தள்ளினால் யாருக்கு நல்லது, யாருக்குச் சிக்கல்?" என்று கேட்டால் வகுப்பு சூடாகிவிடும். விசைப்படகு வீட்டுப் பிள்ளை ஒன்று சொல்லும், தடை இல்லாத நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளை வேறொன்று சொல்லும், தனியார் பள்ளியில் டீச்சராக இருப்பவர் "எங்க சம்பளம் என்ன ஆகிறது?" என்பார்.

கலாம் அய்யா பெயர் வராத பதிலே எங்கள் ஊரில் கிடையாது. பெருமைதான், சொல்லட்டும். ஆனால் கனவு காணச் சொன்னார் என்பதோடு நிறுத்தக் கூடாது. ராமேஸ்வரத்துப் பையன் உயர்நிலைப் பள்ளிக்காக வீட்டைவிட்டு ராமநாதபுரம் வந்து, ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தாரே, படிப்புக்காக ஊரைவிட்டுப் போவதில் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று கேட்பேன். அதற்கு அவரவர் வீட்டிலிருந்து பதில் வரும்.

இன்னொன்று, பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். தேர்வாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவார்கள். தேர்வில் மதிப்பெண் தருவது நான்கு விஷயங்களுக்கு: சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. உங்கள் கருத்து சரியா தப்பா என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. அதனால் நான் வேண்டுமென்றே "பெண்களுக்குப் பன்னிரண்டாவது போதும்" என்பேன். மரியாதையாகவும் காரணத்தோடும் என்னை மறுக்க வேண்டும். முதல் ஆள் வாய் திறக்கத்தான் நேரமாகும். அப்புறம் என்னை விட மாட்டார்கள்.

வீட்டில் தனியாகப் பயிற்சி எடுப்பவர்கள் போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து, திரும்பக் கேளுங்கள். நீங்கள் சொன்ன ஒவ்வொரு கருத்துக்குப் பின்னாலும் ஓர் ஆளோ, ஊரோ, காரணமோ வருகிறதா என்று பாருங்கள். வராத இடத்தில் நிறுத்தி, "ஏன்?" என்று நீங்களே கேட்டு, அங்கிருந்து மறுபடி பேசிப் பதிவு செய்யுங்கள்.