மியூச்சுவல் ஃபண்டும் ‘பரஸ்பர’த் தொல்லையும்

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முதலீட்டு ஆலோசனைக்காக என்னிடம் வந்தார். பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். “பரஸ்பர நிதியில போட்டுட்டேன் சார். டிவியில நீங்கள்லாம் சொல்றீங்களே, நீண்ட காலத்துக்கு நல்லதுன்னு” என்றார். வாங்கிப் பார்த்தால் வைப்புத்தொகை ரசீது. இரண்டு வருடம், நிலையான வட்டி. நிறுவனத்தின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘பரஸ்பர சகாய நிதி’ என்று போட்டிருந்தது. டிவியில் சொல்வது மியூச்சுவல் ஃபண்டை, அதைத்தான் தமிழில் ‘பரஸ்பர நிதி’ என்று எழுதுகிறார்கள். டீச்சர் அதன் பக்கமே போகவில்லை. ஆனால் காதில் விழுந்த வார்த்தையை ஒரு எழுத்துப் பிசகாமல் தேடிப் பிடித்துப் பணம் கட்டியிருக்கிறார். அவரை என்ன குறை சொல்ல?

மியூச்சுவல் என்பதன் வேர் லத்தீன். ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவது என்று பொருள். ‘பரஸ்பர’ வடமொழி, ‘பர’ இரட்டித்து வந்தது, பொருளும் அதுவேதான். அகராதிப்படி கச்சிதமான பொருத்தம். மொழிபெயர்த்தவர் அத்தோடு பேனாவை மூடிவிட்டார், நம் ஊரில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறாரா என்று பார்க்காமல்.

குடியிருக்கிறார், அதுவும் நூறு வருடத்துக்கு மேலாக. தமிழ்நாட்டில் ‘நிதி’ என்றும் ‘சாசுவத நிதி’ என்றும் ‘பரஸ்பர சகாய நிதி’ என்றும் சொல்லப்படுபவை ஒரு தனி இனம். மயிலாப்பூரில் 1872இல் தொடங்கிய நிதி இன்னும் இருக்கிறது. உறுப்பினர்கள் பணம் போடுவார்கள். நகையையோ வீட்டையோ ஈடு வைத்து அதே உறுப்பினர்கள் கடன் வாங்குவார்கள். வெளியாளிடம் வாங்கவும் கூடாது, வெளியாளுக்குக் கொடுக்கவும் கூடாது. ‘பரஸ்பர’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 406ஆம் பிரிவு இவற்றை ‘நிதி’ என்ற நம் சொல்லாலேயே குறிப்பிடுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். 2014இல் வந்த நிதி விதிகளின்படி, இந்த நிறுவனங்கள் வேறு கம்பெனிகளின் பங்குகளையோ கடன்பத்திரங்களையோ வாங்கக் கூடாது. மியூச்சுவல் ஃபண்டின் முழுநேரத் தொழிலே அதுதான்! ஒருவருக்குத் தடை செய்யப்பட்ட வேலையையே பிழைப்பாகக் கொண்ட இன்னொருவருக்கு முன்னவரின் பெயரை வைத்திருக்கிறோம். முன்னவரைக் கண்காணிப்பது கம்பெனி விவகார அமைச்சகம், மற்றவரை, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி. வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு இரண்டுக்கும் கிடையாது என்பதுதான் ஒற்றுமை.

சரி, மியூச்சுவல் ஃபண்டில் ‘பரஸ்பரம்’ எங்கே இருக்கிறது? முதலீட்டாளர்கள் ஒருவருக்கொருவர் எதையும் கொடுப்பதில்லை, வாங்குவதில்லை. எல்லோர் பணமும் ஒரே குவியலாகிறது. அதை ஒரு நிர்வாக நிறுவனம் முதலீடு செய்கிறது. ஏற்றமும் இறக்கமும் அவரவர் பங்கைக் குறிக்கும் யூனிட் கணக்குப்படி வந்து சேர்கின்றன. பாஸ்டனில் 1924இல் இந்த வகை நிதி பிறந்தது. குவியலுக்குச் சொந்தக்காரர்கள் முதலீட்டாளர்களே என்ற அர்த்தத்தில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு ‘மியூச்சுவல்’ ஒத்துப்போனது. பிரிட்டனில் ‘யூனிட் டிரஸ்ட்’ என்றார்கள். நம் ஊரில் 1964இல் வந்த முதல் திட்டத்தைப் பெரியவர்கள் இன்னும் ‘யூனிட் 64’ என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் பரஸ்பரத்தைத் தேடவில்லை.

“வழக்கில் நிலைத்துவிட்டதே, இனி மாற்ற முடியுமா?” என்று ஒரு மொழிபெயர்ப்பாள நண்பர் மல்லுக்கு நிற்கிறார். எந்த வழக்கில்? பேருந்திலும் டீக்கடையிலும் “மியூச்சுவல் ஃபண்ட்ல போட்டிருக்கேன்” என்பார்கள், மாதாமாதம் கட்டுபவர்கள் “எஸ்ஐபி போய்ட்டிருக்கு” என்பார்கள். பரஸ்பர நிதியில் போட்டேன் என்று வாயால் சொல்லி நான் கேட்டது டீச்சர் ஒருவரைத்தான். அவரும் போட்டது வேறு இடத்தில்.

நான் தனித்தமிழ்க் கட்சி அல்ல. ‘நிதி’யே வடசொல்தான், சங்கநிதி, பதுமநிதி என்று பழம்பாட்டிலேயே வந்து நம்மோடு கலந்துவிட்டது, இருக்கட்டும். என் கேள்வி, கேட்பவருக்குச் சரியான பொருள் போய்ச் சேருகிறதா என்பதுதான். ‘பரஸ்பர நிதி’க்கு மாற்றாக ‘திரள்நிதி’ நல்ல சொல், ஆனால் மக்களிடம் நன்கொடை திரட்டுவதற்கு அது போய்விட்டது. ‘கூட்டு முதலீட்டுத் திட்டம்’ என்று எழுதிவந்தேன், விட்டுவிட்டேன். தேக்குமரத் தோட்டம், பண்ணை நிலம் என்று பணம் திரட்டியவர்களைக் கட்டுப்படுத்த 1999இல் செபி கொண்டுவந்த விதிகள் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. மறுபடியும் அதே குடித்தனச் சண்டை. மிஞ்சியது ‘கூட்டு நிதி’. கூட்டுக் குடும்பம், கூட்டுப் பட்டா, கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று பலருடையது ஒன்றாக இருப்பதைச் சொல்ல நம்மிடம் இருக்கும் சொல் அது. கூட்டுறவுச் சங்கத்தோடு குழம்பாதா என்றால், கொஞ்சம் குழம்பலாம். அதனால் முதல் தடவை ‘கூட்டு நிதி, அதாவது மியூச்சுவல் ஃபண்ட்’ என்று எழுதிவிட்டால் போதும். அதுவும் பிடிக்காதவர்கள் மியூச்சுவல் ஃபண்ட் என்றே எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்த ஒரு சொல்லோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கடன்பத்திரங்களில் முதலீடு செய்யும் ஃபண்டை ‘கடன் நிதி’ என்று எழுதுகிறார்கள், “அங்க எவ்வளவு வட்டிக்கு சார் கடன் கிடைக்கும்?” என்று ஒருவர் என்னிடம் போனில் கேட்டார். ‘கடன்பத்திர நிதி’ என்று நாலு எழுத்து சேர்த்தால் குறைந்தா போவோம்? லிக்விட் ஃபண்ட் ‘திரவ நிதி’ ஆகியிருக்கிறது, பாட்டிலில் வாங்கி வரலாம் போல. வேண்டும்போது சட்டென்று பணமாக்கலாம் என்பது அங்கே செய்தி. ‘உடன்பண நிதி’ என்றால் யாருக்கும் புரியும். ‘எக்ஸிட் லோட்’, அதாவது வெளியேறும்போது பிடிக்கும் கட்டணம், ‘வெளியேறும் சுமை’ ஆகியிருக்கிறது. யார் சுமக்கிறார்களோ! சந்தை அபாயத்தைக் கவனமாகப் படித்துத் தெரிந்துகொள்ளச் சொல்லும் ஆவணம் இந்தத் தமிழில் இருந்தால் அதை யார் படிப்பார்கள்?

டீச்சரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ரசீதைத் திருப்பிக் கொடுத்து, இது வேறு, அது வேறு என்று ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு விளக்கினேன். பார்த்துவிட்டு, “அப்ப அதுக்கு வேற பேரு வச்சிருக்கலாமே சார்” என்றார். முன்கூட்டி எடுத்தால் வட்டி குறையுமாம், முதிர்வு வரை விட்டுவைக்கப் போகிறார். இன்னும் 19 மாதம் இருக்கிறது.