ஜூன் விடுமுறை மோட்டார்ஹோமில் மின்சாரக் கணக்கு

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை வரும்போது நியூசிலாந்தில் குளிர்காலம். மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்துத் தென்தீவைச் சுற்றும் குடும்பங்கள் படுக்கை எத்தனை, அடுப்பு உண்டா என்றெல்லாம் விசாரிப்பார்கள். பேட்டரி எத்தனை ஆம்பியர்-மணி (அது சேமித்துத் தரும் மின்சாரத்தின் அளவு) என்று கேட்பவர்கள் குறைவு. இரவு நிம்மதியாகக் கழியுமா என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது.

வண்டிக்குள் இரண்டு மின்சாரம் ஓடுகிறது. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி, பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியும், 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குகின்றன. இது என்ஜின் பேட்டரியிலிருந்து தனியாக வைக்கப்பட்ட வீட்டு பேட்டரியிலிருந்து வருகிறது. சுவரில் உள்ள மூன்று ஊசி பிளக்குகளுக்கோ 230 வோல்ட் வேண்டும். முகாம் பூங்காவின் மின்கம்பத்தில் கேபிளைச் செருகினால்தான் அவை உயிர்பெறும். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் இல்லாத வண்டியில், சாலையோரம் நிறுத்தியிருக்கும்போது பிளக் வேலை செய்யாததைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரி என்றால் 100-ஐயும் செலவழிக்கலாம் என்று பொருளல்ல. ஈய-அமில வகையில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக, கையில் இருப்பது 50. உறைநிலை நெருங்கும்போது வேதிவினை மந்தமாகி அதிலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், மிச்சம் 40. ஓர் இரவுச் செலவைப் பாருங்கள்: டீசல் ஹீட்டரின் விசிறி 10 மணி நேரத்துக்குச் சுமார் 15, குளிர்சாதனப் பெட்டி 15, விளக்கும் பம்பும் கைப்பேசிகளும் 7 அல்லது 8. அவ்வளவுதான், பை காலி.

இந்த நிலையில் இன்வெர்ட்டரில் ரைஸ் குக்கரை வைத்தால் என்ன ஆகும்? 500 வாட் குக்கர், இழப்பையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 48 ஆம்பியர் இழுக்கும். 25 நிமிடத்தில் 20 ஆம்பியர்-மணி, அதாவது இரவுக்கான பங்கில் பாதி, சோற்றுக்கே போய்விடும். 2,000 வாட் கெட்டில் 190 ஆம்பியர் கேட்கும். சிறிய இன்வெர்ட்டர் உடனே அணைந்துவிடும். சோறும் வெந்நீரும் எரிவாயு அடுப்பில், அல்லது கம்பத்தில் இணைந்திருக்கும்போது மட்டும். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே மணிக்கு சுமார் 1 ஆம்பியர்-மணி தின்னும். தேவை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

மீண்டும் நிரப்புவது எப்படி? ஓட்டும்போது, என்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நிரப்பும். ஆனால் ஈய-அமில பேட்டரி கடைசி 20 விழுக்காட்டை மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்ளும், அரை மணி நேர ஓட்டம் போதாது. கூரையில் உள்ள சூரியத் தகடு டிசம்பரில் நன்றாக உதவும்; ஜூனில் சூரியன் தாழ்வாகவும் குறைந்த நேரமும் மட்டுமே வருவதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். இரண்டு இரவு வெளியே தங்கினால் மூன்றாவது இரவு மின்கம்பம் உள்ள இடத்தில் தங்குவது நல்லது. லித்தியம் பேட்டரி உள்ள வண்டியில் கணக்கு தாராளம், 80 விழுக்காடு வரை எடுக்கலாம். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது.

கம்பத்தில் இணைக்கும் வரிசை முக்கியம். கம்பத்தின் சுவிட்சை அணைத்து, கேபிளை முதலில் வண்டியில் செருகி, பிறகு கம்பத்தில் செருகி, கடைசியில் சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது இதன் தலைகீழ். இப்படிச் செய்தால் திறந்த முனையில் மின்சாரம் இருக்காது. சுருட்டிய கேபிளை முழுவதும் விரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் மேலுறை உருகும். வண்டிக்குள் உள்ள மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சிங்கப்பூரின் எல்லா வீடுகளிலும் 2025 ஜூலை 1 முதல் கட்டாயமான அதே வகைச் சாதனம்தான். 16 ஆம்பியர் இணைப்பு தருவது 3,680 வாட். 2,000 வாட் மின்ஹீட்டரும் 2,200 வாட் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் தாங்காது. நம் மின்னழுத்தமும் நியூசிலாந்தின் 230 வோல்ட்டும் ஒன்றே, எனவே பிளக் மாற்றி போதும்.

மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டர் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். சுமையில்லாமல் சில மணி நேரம் ஓய்வெடுத்த ஈய-அமில பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.1 என்றால் பாதி. பேட்டரி நிறைந்திருந்தும் விளக்கு மங்கினால் முனைகளைப் பாருங்கள். வெளிர்பச்சைப் பொடி படிந்திருந்தால் அதுதான் மின்தடை: கழற்றி, பேக்கிங் சோடா நீரில் துடைத்து, உலர்த்தி, இறுக்கிப் பூட்டவும். கழற்றும்போது எதிர்மின் (−) முனையை முதலில். பியூஸ் எரிந்தால் அதே நிறத்தில் மாற்றுங்கள், 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம். பெரியது போட்டால் பியூஸுக்குப் பதில் கம்பி எரியும்.

விடியற்காலையில் ஹீட்டர் தொடங்கி உடனே நின்றால் டீசல் தீர்ந்ததா என்று பார்த்துவிட்டு, மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். தொடங்கும் சில நிமிடங்களில் பற்றவைக்கும் முனை சுமார் 10 ஆம்பியர் இழுக்கிறது. பலவீனமான பேட்டரியின் மின்னழுத்தம் அப்போது தாழ்ந்து, ஹீட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். திறந்த வெளியில் என்ஜினை 20 நிமிடம் ஓடவிட்டு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் பற்றிக்கொள்ளும்.