பெட்டியா, துணியா? எலும்பு கிடக்கும் விதம் சொல்லும்

இங்கிலாந்தில் ஹம்பர் ஆற்றின் தென்கரையில் இருக்கும் சிறுநகரம் பார்ட்டன். அங்குள்ள புனித பீட்டர் தேவாலயத்திலும் அதன் வளாகத்திலும் 1978 முதல் 1984 வரை தொல்லியலாளர் வார்விக் ராட்வெல் தலைமையில் அகழாய்வு நடந்தது. வெளியே வந்தவை ஏறத்தாழ 2,800 எலும்புக்கூடுகள். பத்தாம் நூற்றாண்டு தொடங்கி பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அந்த ஊரில் புதைக்கப்பட்டவர்கள்.

இத்தனை பேர் கிடைத்தும் ஆய்வாளருக்குத் தலைவலிதான். ஐந்தாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய ஜெர்மானிய மக்களான ஆங்கிலோ-சாக்சன்களின், கிறிஸ்தவத்துக்கு முந்தைய குழிகளில் கத்தி, மணி, ஊசி என்று ஏதாவது அகப்படும். தேவாலய வளாகத்துக் குழிகளில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தலை மேற்கே, கால் கிழக்கே, மல்லாந்த உடல், அவ்வளவுதான். பாதிரியார் என்றால் சில சமயம் ஈயக் கலப்புக் கிண்ணம் ஒன்று கூடவே இருக்கும்.

அப்படியானால் அடக்கம் எப்படி நடந்தது என்று எதை வைத்துச் சொல்வது? மூட்டுகளை வைத்துத்தான். உடல் அழுகும்போது தசையும் தசைநாரும் கரைந்து எலும்புகள் பிடிப்பை இழக்கின்றன. சுற்றி நெருக்கமாக மண் இருந்தால் அந்த மண்ணே அவற்றை இடம் மாறாமல் தாங்கிக்கொள்ளும். பெட்டிக்குள் வெற்றிடம் இருப்பதால் தாங்க ஆள் இல்லை: இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் விரிந்து படுத்துவிடும், முழங்காலின் சில்லு உருண்டு பக்கத்தில் விழும். துணியால் இறுக்கிச் சுற்றிய உடலோ ஒடுங்கிக் கிடக்கும். தோள்கள் மேலே தூக்கி, காறை எலும்புகள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். முழங்கால்களும் கணுக்கால்களும் ஒட்டியிருக்கும். பலகை மக்கி, துணி மக்கி, ஒரு நூல்கூட மிஞ்சாத குழியிலும் இதைப் படிக்கலாம். ஆணி கிடைக்கவில்லை என்பதற்காக பெட்டி இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. மரமுளை அடித்த பெட்டிகளும் உண்டு.

பார்ட்டனில் ஈரமண் சில இடங்களில் மரத்தையே காப்பாற்றிக் கொடுத்தது. பழைய சவப்பெட்டிகளோடு, சில உடல்களின் அருகே ஹேசல் மரக்குச்சிகளும் கிடைத்தன. ஸ்வீடனின் லுண்ட் நகரிலும் இதே வழக்கம் இருந்தது. யாத்திரைக்கான கைத்தடி, உயிர்த்தெழுதலின் அடையாளம் என்று பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எனக்கு இவை எதிலும் முழு நிறைவில்லை.

அடுத்து, காலம். நூற்றாண்டுக்கணக்கில் ஒரே நிலத்தில் தோண்டியதால் புதுக்குழி பழைய குழியை வெட்டிக்கொண்டு போகும், வெட்டுப்பட்டது மூத்தது. இந்த வரிசையோடு கதிரியக்கக் கார்பன் முடிவுகளை, அதாவது எலும்பில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து கணக்கிட்ட வயதை, சேர்த்துப் பார்ப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதுதான் மீன். கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், கடல்மீன் நிறையச் சாப்பிட்டவரின் எலும்பு உண்மையைவிட வயது கூட்டிக் காட்டும். இறைச்சி தவிர்க்கும் தவக்காலமும் வெள்ளிக்கிழமைகளும் சேர்ந்தால் இடைக்கால மனிதர்கள் தின்ற மீன் கொஞ்சமா? அதனால் எலும்பிலுள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து உணவைக் கணித்து, அதற்கேற்ப ஆண்டைத் திருத்துகிறார்கள்.

குழியின் இடமும் பேசும். நார்தாம்ப்டன்ஷரின் ரவுண்ட்ஸ் என்ற ஊரில், பத்தாம் நூற்றாண்டில் தொடங்கிய கல்லறை நிலத்தில், பச்சிளங்குழந்தைகள் தேவாலயச் சுவரை ஒட்டிக் கூட்டமாகக் கிடந்தார்கள். கூரையிலிருந்து வழியும் மழைநீர் புனிதம் பெற்று குழந்தையின் மேல் விழட்டும் என்று பெற்றவர்கள் நினைத்திருக்கலாம் என்கிறார்கள். குச்சி விளக்கங்களைவிட இதை என்னால் எளிதாக நம்ப முடிகிறது.