சொல் விளக்கம்: புதுப்பரவல்

2024இல் 'காசாவில் போலியோ வெடிப்பு' என்று தலைப்புப் போட்டார்கள். குண்டு விழுகிற ஊரில் வெடிப்பு என்றால் யாருக்கு நோய் நினைவுக்கு வரும்? அதற்குக் கீழே 'வெடிப்புக் கட்டுப்பாடு' வேறு. வெடிமருந்து ஆலைக்கு உத்தரவு மாதிரி இருக்கிறது.

மூலச்சொல் 'அவுட்பிரேக்'. உடைத்துக்கொண்டு வெளிவருவது என்று பொருள். ஒரு நோய் ஓரிடத்தில் வழக்கத்துக்கு மேல் தென்படுவதை மருத்துவத்தில் அப்படிச் சொல்வார்கள்.

"கலவரம் வெடித்தது, போர் வெடித்தது என்கிறோமே, நோய் வெடித்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். சரி, கலவரம் வெடித்தால் தெருவுக்கே தெரியும். போலியோ அப்படியா? தொற்றிய ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் விளங்காமல் போகும். மற்றவர்கள் வைரஸை மலத்தில் கழித்துக்கொண்டு நடமாடுவார்கள். காசாவில் 2024 ஜூலையில் அது முதலில் தெரிந்ததே கழிவுநீரில்தான். 10 மாதக் குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம் என்று உறுதியானது ஆகஸ்டில்; 25 ஆண்டுகளில் அங்கே முதல் முறை. சத்தமில்லாமல் சாக்கடையில் ஓடியதற்கு வெடிப்பு என்று பெயர்!

எங்கள் குமரி மாவட்டத்தில் பழைய ஆட்கள் வசூரி (அம்மை) கண்டது, பேதி கண்டது, தீனம் (நோய்) பரவுது என்பார்கள். எந்தத் தீனமும் வெடித்ததாகக் கேட்டதில்லை. வெடிப்பது குதிகால்தான்.

கொள்ளைநோய் என்பது ஒற்றைக் குழந்தையின் வாதத்துக்குப் பெரிய சொல். பரவல் என்றால் எல்லாத் தொற்றுக்கும் பொது. ஒழிந்த இடத்தில் மறுபடி தொடங்குவதால் 'புதுப்பரவல்' என்பேன். ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் போலியோ இன்னும் ஒழியவே இல்லையே என்றால், அங்கே வெறும் பரவல் போதும்.

அப்புறம் 'மனிதாபிமான இடைநிறுத்தம்' என்று ஒன்று. 2024 செப்டம்பர் 1 முதல் காசாவில் பகுதி பகுதியாகச் சில மணி நேரம் சண்டையை நிறுத்தி, 10 வயதுக்குட்பட்ட சுமார் 6,40,000 குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கத் திட்டமிட்டார்களே, அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கென்னவோ பள்ளியில் பாதியில் நின்ற பையன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். எல் சால்வடாரில் 1985இல் தடுப்பூசிக்காக உள்நாட்டுப் போர் நின்ற நாட்களுக்கு 'அமைதி நாட்கள்' என்றே பெயர் வைத்தார்கள். நாமும் 'போர் ஓய்வு' என்று எழுதலாம். வடசேரி பேருந்து நிலையத்தில் சொட்டு மருந்து கொடுக்கிற அக்காவுக்கும் புரியும்.